உறுப்பினரான பிறகு: எஸ்தோனியா தன் வெளியுறவுக் கொள்கையை மறுபடி வகுத்துக்கொண்ட விதம்

2004 மார்ச் 29 அன்று எஸ்தோனியா நேட்டோ இராணுவக் கூட்டணியில் சேர்ந்தது. அடுத்த ஐந்து வாரங்களுக்குள், மே 1 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்திலும் உறுப்பினரானது. பால்டிக் கடலின் கிழக்குக் கரையில், ரஷ்யாவை ஒட்டி, 45,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுமார் 13 லட்சம் மக்கள் வாழும் நாடு அது. 1991இல் விடுதலையை மீட்டது முதல் அதன் வெளியுறவு அமைச்சகம் பட்ட பாடெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு உறுப்புரிமைகளுக்காகத்தான். இரண்டும் ஒரே சமயத்தில் கைகூடிவிட்டன. இனி அந்த அமைச்சகம் எதற்காக உழைப்பது என்ற கேள்வி அப்போது எழுந்தது. அதற்கு விடை காண எஸ்தோனியா ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

அந்த உறுப்புரிமைகளுக்கு அவ்வளவு மதிப்பு ஏன் என்பது 1939இலும் 1940இலும் நடந்தவற்றை அறிந்தால்தான் விளங்கும். எஸ்தோனியா 1921 முதல் சர்வதேச சங்கத்தில் உறுப்பினராக இருந்தது. 1938 டிசம்பரில் நடுநிலையைச் சட்டமாகவே இயற்றியது. இரண்டும் கைகொடுக்கவில்லை. 1939 ஆகஸ்டில் ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் இரகசியப் பகுதி எஸ்தோனியாவை மாஸ்கோவின் செல்வாக்கு வட்டத்தில் வைத்தது. செப்டம்பர் 28 அன்று, மிரட்டலுக்கு அடிபணிந்து, 25,000 சோவியத் வீரர்கள் தன் மண்ணில் தளம் அமைக்க எஸ்தோனிய அரசு கையெழுத்திட்டது. 1940 ஜூன் 17 அன்று நாடு முழுவதும் ஆக்கிரமிக்கப்பட்டது. ஆகஸ்ட் 6 அன்று சோவியத் ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டது. 1941 ஜூனில் சுமார் பத்தாயிரம் பேரும், 1949 மார்ச்சில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரும் நாடு கடத்தப்பட்டார்கள். துணைக்கு யாரும் இல்லாமல் நின்றதுதான் இத்தனைக்கும் காரணம் என்ற முடிவுக்கு அடுத்த தலைமுறை வந்தது. இனி ஒருபோதும் தனித்து நிற்பதில்லை என்பது கட்சி வேறுபாடு கடந்த உறுதியாயிற்று.

1991 ஆகஸ்ட் 20 அன்று விடுதலை மீட்கப்பட்டபோது ரஷ்யப் படைகள் இன்னும் நாட்டுக்குள் இருந்தன. குடியரசுத் தலைவர் லென்னார்ட் மேரி 1994 ஜூலையில் மாஸ்கோவில் ரஷ்யக் குடியரசுத் தலைவர் போரிஸ் யெல்த்சினுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆகஸ்ட் 31 அன்றுதான் அவை வெளியேறின. அதன் பிறகு பத்தாண்டுகள் எஸ்தோனிய அரசு, தேர்வுக்கு அமர்ந்த மாணவனைப் போல நடந்துகொண்டது. ஒன்றியத்தின் சட்டத் தொகுப்பு முழுவதையும் உள்நாட்டுச் சட்டமாக்குவது, ரஷ்ய மொழி பேசுவோரின் குடியுரிமை பற்றி ஐரோப்பிய அமைப்புகள் சொன்ன திருத்தங்களை ஏற்பது, படையை நேட்டோவின் அளவுகோல்களுக்கு ஏற்ப மாற்றுவது என்று பட்டியல் நீண்டது. கேள்வித்தாளை வகுத்தவர்கள் பிரஸ்ஸல்ஸில் இருந்தார்கள். அதற்குப் பலனும் இருந்தது. 1997 டிசம்பரில் ஐரோப்பியத் தலைவர்கள் பேச்சுவார்த்தைக்கு முதலில் அழைத்த ஆறு நாடுகளில், முன்னாள் சோவியத் குடியரசு எஸ்தோனியா ஒன்றுதான். 2003 செப்டம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறக்குறைய 67 விழுக்காட்டினர் ஒன்றியத்தில் சேர ஒப்புதல் தந்தார்கள்.

ஆனால் உள்ளே நுழையும் முன்பே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. 2003 பிப்ரவரியில் ஈராக் விஷயத்தில் அமெரிக்காவை ஆதரித்து கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பத்து ஓர் அறிக்கை வெளியிட்டன. எஸ்தோனியாவும் அதில் ஒன்று. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ழாக் சிராக், வாயை மூடிக்கொண்டிருக்கும் நல்ல வாய்ப்பை இந்த நாடுகள் தவறவிட்டுவிட்டன என்று வெளிப்படையாகவே கடிந்தார். தாங்கள் சேரப் போகும் இரண்டு அமைப்புகளும் எப்போதும் ஒரே பக்கம் நிற்காது என்பதும், இரண்டையும் ஒருசேர மகிழ்விக்க முடியாத நாட்கள் வரும் என்பதும் தலைநகர் டாலினில் அன்றே தெரிந்துவிட்டது.

சேர்ந்த பிறகு முதலில் தெரிய வந்தது, வாக்குறுதிக்கும் ஏற்பாட்டுக்கும் உள்ள தூரம். ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதல் அனைவர் மீதுமான தாக்குதலாகக் கருதப்படும் என்கிறது நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு. பால்டிக் நாடுகளுக்கு அந்தப் பிரிவு 2004 முதல் பொருந்தியது. ஆனால் தாக்குதல் வந்தால் எந்தப் படை, எந்த வழியாக, எத்தனை நாளில் வரும் என்று சொல்லும் தற்காப்புத் திட்டம் எதுவும் இல்லை. லித்துவேனியாவின் ஷியாவ்லேய் தளத்திலிருந்து ஒரு சில போர் விமானங்கள் மூன்று நாடுகளின் வானத்தையும் காவல் காத்தன, அவ்வளவே. மேற்கு ஐரோப்பாவின் பெரிய தலைநகரங்கள் அப்போது ரஷ்யாவைக் கூட்டாளியாகக் கருதின. திட்டம் தீட்டினால் மாஸ்கோவுக்கு எரிச்சலூட்டும் என்பது அவற்றின் கணக்கு. 2008 ஆகஸ்டில் ரஷ்யப் படைகள் ஜார்ஜியாவுக்குள் புகுந்த பிறகே அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. போலந்துக்காக வைத்திருந்த திட்டத்தைப் பால்டிக் நாடுகளுக்கும் விரிப்பதென்று நேட்டோ முடிவெடுத்தது 2010 தொடக்கத்தில். உறுப்பினரான ஒரு நாடு தன் தற்காப்புக்கான திட்டத்தைப் பெற ஆறு ஆண்டுகள் காத்திருந்தது என்பது இதன் பொருள்.

இந்தக் காலத்தில் எஸ்தோனியா எடுத்த ஒரு முடிவை வெளியுறவுக் கொள்கை பற்றிய நூல்கள் போதிய அளவு கவனிப்பதில்லை. அது கட்டாய இராணுவ சேவையைக் கைவிடவில்லை. சிறிய, தொழில்முறைப் படையை வைத்துக்கொண்டு வெளிநாட்டுப் பணிகளுக்கு அனுப்புவதே புதிய உறுப்பினருக்கு அழகு என்பது அன்றைய நேட்டோவின் பொதுக் கருத்து. அதன்படி லாத்வியா 2000களின் நடுவிலும், லித்துவேனியா 2008இலும் கட்டாய சேவையை நிறுத்தின. 2014இல் உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா பறித்த பிறகு லித்துவேனியாவும், 2022இல் உக்ரைனில் முழுப் போர் வெடித்த பிறகு லாத்வியாவும் அதை மீண்டும் கொண்டுவர நேர்ந்தது. எஸ்தோனியாவுக்கு அந்த வேலை மிச்சம். கூட்டணியின் அன்றைய நாகரிகத்தைவிடத் தன் புவியியலைப் பெரிதாக மதித்த முடிவு அது. இந்த இருபது ஆண்டுகளில் எஸ்தோனியா எடுத்த முடிவுகளில் மிகச் சிறந்ததும் அதுவே என்று சொல்லலாம்.

அதே வேளையில், கூட்டாளிகள் கேட்டதையும் அது கொடுத்தது. ஆப்கானிஸ்தானின் ஹெல்மந்த் மாகாணத்தில், மிகக் கடுமையான சண்டை நடந்த இடத்தில், பிரிட்டிஷ் படையோடு எஸ்தோனிய வீரர்கள் போரிட்டார்கள். அங்கே ஒன்பது பேரும் ஈராக்கில் இருவரும் உயிரிழந்தார்கள். எஸ்தோனியாவின் மக்கள்தொகைக்கு இது பெரிய இழப்பு. ஹெல்மந்தில் எஸ்தோனியாவுக்கு நேரடி நலன் எதுவும் கிடையாது. நாளை தனக்கொரு தேவை வரும்போது கேட்கும் தகுதியை இன்றே ஈட்டிக்கொள்வதுதான் நோக்கம். இந்தக் கணக்கு ஒழுக்க நோக்கில் கேள்விக்குரியது. ஆப்கானியர்களின் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் அதிகம். ஆனால் அரசியலில் அது பலித்தது. 2017இல் எஸ்தோனியாவின் டாபா முகாமுக்கு நேட்டோவின் பன்னாட்டுப் படைப்பிரிவு வந்தபோது, அதற்குத் தலைமையேற்றது பிரிட்டன்.

2007 ஏப்ரல் நிகழ்வுகள் கொள்கையை இன்னொரு திசையில் திருப்பின. டாலின் நகர மையத்திலிருந்த சோவியத் போர்வீரன் வெண்கலச் சிலையை அரசு இராணுவக் கல்லறைக்கு மாற்றியபோது கலவரம் வெடித்தது. ஓர் இளைஞர் இறந்தார். அடுத்த சில வாரங்கள் அரசுத் தளங்களும் வங்கிகளும் செய்தி நிறுவனங்களும் இணையத் தாக்குதலால் முடங்கின. மாஸ்கோவில் எஸ்தோனியத் தூதரகம் முற்றுகைக்கு ஆளானது. மே மாதம் ரஷ்யாவின் சமாரா நகரில் நடந்த உச்சி மாநாட்டில், ஐரோப்பிய ஆணையத் தலைவர் பரோசோவும் ஜெர்மனியின் அங்கெலா மெர்கலும் புதினின் முன்னிலையிலேயே எஸ்தோனியாவின் பக்கம் நின்று பேசினார்கள். ஒன்றியத்தில் இருப்பதன் பயனை எஸ்தோனியர்கள் நேரில் கண்டது அப்போதுதான்.

அதைவிட முக்கியமானது, அந்தத் தாக்குதலை எஸ்தோனியா கையாண்ட முறை. பாதிக்கப்பட்ட நாடாக இரக்கம் தேடுவதை விட்டு, இணையப் பாதுகாப்பில் மற்றவர்களுக்கு வழி சொல்லும் நாடாக அது தன்னை நிறுத்திக்கொண்டது. 2008 மே மாதம் நேட்டோவின் இணையத் தற்காப்பு ஆய்வு மையம் டாலினில் நிறுவப்பட்டது. இணையப் போருக்குப் பன்னாட்டுச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று ஆராயும் ‘டாலின் கையேடு’ அந்த மையத்தின் முயற்சியால் 2013இல் வெளிவந்தது. இணையத் தாக்குதலும் ஐந்தாம் பிரிவின் கீழ் வரலாம் என்று 2014இல் நேட்டோ ஏற்றுக்கொண்டது. மின்னணு ஆட்சிமுறையில் எஸ்தோனியா பெற்ற அனுபவம் உக்ரைன், ஜார்ஜியா, மால்டோவா ஆகிய நாடுகளுக்குச் சென்றது. எல்லாத் துறையிலும் குரல் எழுப்பச் சிறு நாட்டுக்கு ஆள்பலம் கிடையாது. ஒரு துறையில் மற்றவர்களைவிட அதிகம் தெரிந்து வைத்திருந்தால், அந்தத் துறையில் பெரிய நாடுகளும் அதைக் கேட்டாக வேண்டியிருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பாடம் இதைவிடக் கசப்பாக இருந்தது. ரஷ்ய எரிவாயுவை பால்டிக் கடலடியில் நேராக ஜெர்மனிக்குக் கொண்டு செல்லும் நார்டு ஸ்ட்ரீம் குழாய்த் திட்டத்தை எஸ்தோனியா எதிர்த்தது. தன் கடற்பகுதியில் ஆய்வு செய்ய 2007 செப்டம்பரில் அனுமதி மறுத்தது. குழாய் பின்லாந்தின் கடற்பகுதி வழியே போய் 2011இல் இயங்கத் தொடங்கியது. மறுக்கும் உரிமை கையில் இருந்தும் முடிவை மாற்றும் வலிமை இல்லை.

அதே 2011இல் எஸ்தோனியா யூரோ நாணயத்தை ஏற்றது. உடனே கிரீஸ் உள்ளிட்ட நாடுகளைக் கடனிலிருந்து மீட்கும் பொதுநிதிக்குப் பங்கு தர வேண்டி வந்தது. எஸ்தோனியாவின் சராசரி ஊதியம் அப்போது கிரீஸைவிடக் குறைவு. 2009 நெருக்கடியில் பொருளாதாரம் ஏழில் ஒரு பங்கு சுருங்கியும் வெளியாரிடம் கை நீட்டாமல் செலவைக் குறைத்துச் சமாளித்த நாடு அது. வசதியானவர்களுக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்ற பொதுமக்களின் கேள்வியில் நியாயம் இருந்தது. நிரந்தர மீட்பு நிதி ஒப்பந்தம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012 ஜூலையில் நீதிபதிகள் மிகக் குறுகிய பெரும்பான்மையில்தான் அதை அரசியலமைப்புக்கு உட்பட்டது என்று ஏற்றார்கள். அரசு பணத்தைக் கொடுத்தது. பிறர் துன்பத்தில் பங்கெடுக்காமல் தன் அச்சத்தைப் பங்கு போடச் சொல்ல முடியாது என்பதே அமைச்சர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன விளக்கம்.

2014இல் கிரிமியாவை ரஷ்யா பறித்துக்கொண்ட பிறகு, எஸ்தோனியா பத்தாண்டுகளாகச் சொல்லிவந்ததைக் கேட்கப் பிறர் தயாரானார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 3 அன்று பராக் ஒபாமா டாலினுக்கு வந்து, நேட்டோ இருக்கும்வரை எஸ்தோனியா மீண்டும் விடுதலையை இழக்காது என்று உறுதி தந்தார். இரண்டே நாட்களில் எஸ்தோனிய உள்நாட்டுப் பாதுகாப்புச் சேவையின் அதிகாரி எஸ்தோன் கோவெர் எல்லையருகே ரஷ்ய உளவுத் துறையால் கடத்திச் செல்லப்பட்டார். ஓராண்டு கழித்து, கைதிப் பரிமாற்றம் ஒன்றில்தான் திரும்பினார். 2017இல் வந்த டாபா படைப்பிரிவில் சுமார் ஆயிரம் பேர். எல்லையைக் காக்க அது போதாது. தாக்குதல் நடந்தால் பல நாடுகளின் வீரர்கள் முதல் நாளே சண்டையில் இறங்கியிருப்பார்கள், அதனால் எந்தத் தலைநகரமும் ஒதுங்கி நிற்க முடியாது என்பதே அதன் பயன்.

அந்த ஏற்பாட்டிலும் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. பிரதமர் காயா கல்லாஸ் 2022 ஜூனில் அதை வெளிப்படையாகச் சொன்னார்: அப்போதிருந்த நேட்டோ திட்டப்படி பால்டிக் நாடுகள் முதலில் எதிரியிடம் வீழும், 180 நாட்கள் கழித்து மீட்கப்படும், அதற்குள் மீட்க எஸ்தோனியா என்று ஒன்று மிஞ்சியிருக்காது. கூட்டணியின் இராணுவத் திட்டத்தை ஒரு பிரதமர் பொதுவெளியில் குறை சொல்வது வழக்கமில்லை. உக்ரைனின் புச்சா நகரில் ரஷ்யப் படைகள் பொதுமக்களைக் கொன்றதை உலகம் பார்த்திருந்த அந்த நேரத்தில், நாகரிகம் கருதி மௌனமாக இருப்பதற்கில்லை. அந்த மாத இறுதியில் மாட்ரிட் மாநாடு, ஒவ்வோர் அங்குல நிலத்தையும் முதல் நாளிலிருந்தே காப்பது என்ற நிலைக்கு நேட்டோவைக் கொண்டு வந்தது. 2004இல் தொடங்கிய மறுசிந்தனையின் பெரிய வெற்றி இதுவே. ஆனால், உக்ரைனில் போர் வெடித்திராவிட்டால் இது நடந்திருக்காது என்பதையும் மறைக்கக் கூடாது.

எஸ்தோனியா வார்த்தையோடு நின்றுவிடவில்லை. முழுப் போர் தொடங்குவதற்கு முன்பே ஜாவலின் ஏவுகணைகளை உக்ரைனுக்கு அனுப்பியது. பழைய கிழக்கு ஜெர்மனியிலிருந்து பின்லாந்து வழியாக வந்த பீரங்கிகளையும் தர விரும்பியபோது, ஜெர்மனியின் ஒப்புதல் போர் தொடங்கிய பிறகுதான் கிடைத்தது. நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் அதிகமான மதிப்புள்ள ஆயுதங்களை அது கொடுத்திருக்கிறது; அந்த விகிதத்தில் கொடுத்த நாடுகள் மிகச் சில. 2023 தொடக்கத்தில், உக்ரைனுக்குப் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகளை ஒன்றியம் கூட்டாகக் கொள்முதல் செய்ய வேண்டும் என்ற யோசனையை, செலவுக் கணக்கோடு எழுதி, மற்றத் தலைநகரங்களின் மேசையில் வைத்தது எஸ்தோனியாதான். மார்ச் மாதம் ஒன்றியம் அதை ஏற்றது. சொன்ன ஓராண்டுக்குள் நிறைவேற்ற முடியவில்லை என்றாலும், ஐரோப்பாவின் ஆயுதத் தொழிற்சாலைகள் விழித்துக்கொள்ள அது காரணமாயிற்று. 2024 டிசம்பரில் காயா கல்லாஸ் ஒன்றியத்தின் வெளியுறவுத் துறைக்கே தலைமைப் பொறுப்பேற்றார்.

கூட்டணிகள் எட்டாத இடங்களும் உண்டு என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 2013 அக்டோபரில் ‘சீமேன் கார்டு ஓஹியோ’ என்ற கப்பல் தூத்துக்குடியில் தடுத்து வைக்கப்பட்டது. கடற்கொள்ளையர்களிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் கப்பல் அது. ஆயுதங்களோடு இந்தியக் கடல் எல்லைக்குள் வந்ததாகக் கைதான 35 பேரில் 14 பேர் எஸ்தோனியர்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது. அந்த நான்கு ஆண்டுகளும் எஸ்தோனியச் செய்தித்தாள்களில் தூத்துக்குடியின் பெயர் ஓயாமல் அடிபட்டது. நேட்டோ உறுப்புரிமையால் இதில் ஒரு பயனும் இல்லை, ஒன்றியத்தால் ஓரளவே. தேவைப்பட்டது டெல்லியோடு நேரடியான, நீண்ட கால உறவு. அது முன்பே வலுவாக வளர்க்கப்பட்டிருக்கவில்லை.

இந்தப் போதாமையை எஸ்தோனியா பின்னர் உணர்ந்து செயல்பட்டது. 2019 ஜூனில் ருமேனியாவை வென்று, 2020–21க்கான ஐ.நா. பாதுகாப்பு அவையில் முதன்முறையாக இடம் பிடித்தது. அதற்கு வாக்குக் கேட்டு ஆப்பிரிக்க, பசிபிக், கரீபிய நாடுகளுக்குப் போன எஸ்தோனியத் தூதர்கள், ரஷ்யாவைப் பற்றிக் கவலையே இல்லாதவர்கள்தான் உலகில் பெரும்பான்மை என்பதை அங்கே கண்டார்கள். பாதுகாப்பு அவை இணையப் பாதுகாப்பு பற்றி முறைப்படி நடத்திய முதல் திறந்த விவாதம், 2021 ஜூனில் எஸ்தோனியாவின் தலைமையில் நடந்தது. அதே ஆண்டு அவையில் இந்தியாவும் இருந்தது. டாலினில் இந்தியத் தூதரகம் திறக்க அதற்குச் சற்று முன்புதான் டெல்லி முடிவு செய்திருந்தது. சீனாவிடம் எஸ்தோனியா நிதானமாக நடந்துகொள்கிறது. தைவானின் பெயரில் அலுவலகம் திறக்க லித்துவேனியா 2021இல் அனுமதித்து, சீனாவின் வணிகத் தடையைச் சந்தித்தது. எஸ்தோனியா அந்த வழியில் போகாமல், 2022 ஆகஸ்டில் லாத்வியாவோடு சேர்ந்து சீனாவின் கிழக்கு ஐரோப்பியக் கூட்டமைப்பிலிருந்து சத்தமில்லாமல் விலகியது.

இன்றைய நிலையில் பெரிய கவலை அமெரிக்கா. எஸ்தோனியாவின் பாதுகாப்புச் சிந்தனை முழுவதும் வாஷிங்டன் வரும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. போதிய அளவு செலவு செய்யாத கூட்டாளிகளைக் காக்க மாட்டேன் என்று டொனால்ட் டிரம்ப் பேசிய பிறகு, செலவு செய்யும் நாடுகளும் நிம்மதியாக இல்லை. எஸ்தோனியா 2026 முதல் நான்கு ஆண்டுகளுக்குத் தன் உற்பத்தி மதிப்பில் சராசரியாக 5.4 விழுக்காட்டைப் பாதுகாப்புக்கு ஒதுக்கத் தீர்மானித்தது. 2025 பிப்ரவரியில், சோவியத் காலத்திலிருந்து ரஷ்யாவோடு பிணைந்திருந்த மின்கட்டமைப்பிலிருந்து மூன்று பால்டிக் நாடுகளும் பிரிந்து ஐரோப்பியக் கட்டமைப்போடு சேர்ந்தன. பின்லாந்தும் சுவீடனும் நேட்டோவில் சேர்ந்ததால் பால்டிக் கடலின் இராணுவப் புவியியலும் எஸ்தோனியாவுக்குச் சாதகமாக மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 19 அன்று மூன்று ரஷ்ய மிக்-31 விமானங்கள் எஸ்தோனிய வான்வெளியில் பன்னிரண்டு நிமிடங்கள் பறந்தபோது, இத்தாலியின் எஃப்-35 விமானங்கள் அவற்றை எதிர்கொண்டன. அச்சுறுத்தலுக்கு ஆளான உறுப்பு நாடு கோரினால் கூடிப் பேச வகை செய்யும் நான்காம் பிரிவின் கீழ் நேட்டோ கூடி ஆலோசித்தது. எஸ்தோனியாவின் வேண்டுகோளின் பேரில் ஐ.நா. பாதுகாப்பு அவையும் கூடியது. 1939இல் இந்த நாட்டுக்கு இவற்றில் ஒன்றுகூட வாய்க்கவில்லை.

வெளியில் இவ்வளவு சாதித்த கொள்கை உள்நாட்டில் ஒரு கடனைத் தீர்க்காமல் வைத்திருக்கிறது. மக்கள்தொகையில் கால் பங்குக்கும் மேல் ரஷ்ய மொழி பேசுவோர். எல்லை நகரமான நார்வாவில் அவர்களே மிகப் பெரும்பான்மை. ஆற்றின் மறுகரை ரஷ்யா. 2024 முதல் பள்ளிகள் எல்லாம் படிப்படியாக எஸ்தோனிய வழிக் கல்விக்கு மாறிவருகின்றன. 2025 மார்ச்சில் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி, ரஷ்ய, பெலாரூஸ் குடிமக்கள் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை நீக்கியது. எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்களுக்கு அந்த ஆண்டுத் தேர்தலே கடைசி வாய்ப்பு என்றும் விதித்தது. போர்க்காலத்தில் இந்த அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனாலும் பல ஆண்டுகள் வரி செலுத்தி அங்கேயே வாழ்ந்தவர்களில் பலர் புதினை ஆதரிப்பவர்கள் அல்லர். பிரஸ்ஸல்ஸிலும் வாஷிங்டனிலும் நம்பிக்கையை ஈட்ட எஸ்தோனியா காட்டிய பொறுமையில் ஒரு பங்கு நார்வாவுக்கும் கிடைத்தாக வேண்டும்; அது இன்னும் கிடைக்கவில்லை.